கோபாலகிருஷ்ண பாரதியாரும் நந்தன் கதையும்: ஒரு சமூகவியல் நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கிய வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் இருவகைப் புலமையாளரையே கணக்கிற் கொண்டனர். தலபுராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் பாடிக் குவித்த வித்துவான்கள் ஒருசாரார். உரைநடை, நாவல், பத்திரிகை ஆகியவற்றுக்கு வழிசமைத்த புத்திலக்கிய முன்னோடிகள் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையே, ஏட்டைப் படித்தறியாத மக்களின் செவிக்கும் நாவுக்கும் உரியனவாகப் பாட்டியற்றிய ஒரு கூட்டத்தார் இருந்தனர். சிந்து, கும்மி, கீர்த்தனை, நொண்டி, விலாசம் என்னும் வடிவங்களில் அவர்கள் ஆக்கியவற்றை இலக்கிய வரலாற்றாசிரியர் இசைவரலாற்றாசிரியரிடம் ஒப்படைத்தனர். இசைவரலாற்றாசிரியரோ இராகத்தையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டு, சொல்லையும் அதன் பின்னணியையும் விட்டுவிட்டனர். இவ்வாறு இருபுறத்தாலும் பாதி பாதியாகக் கொள்ளப்பட்டவர்களுள் முதன்மையானவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார்.

அவரை இலக்கிய கர்த்தா என்ற முறையிலும், ஒரு குறிப்பிட்ட காலத்தின் சமூக உறவுகளைப் பதிவு செய்தவர் என்ற முறையிலும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நந்தனார் சரித்திரத்தைப் புரட்சிக் காவியம் எனப் போற்றுவோர் உளர். உயர்சாதியினரின் சமரசத் தந்திரம் என ஒதுக்குவோரும் உளர். இரு முடிபுகளும் நூலை முழுமையாகக் கொள்ளாமையால் விளைந்தவை என்பது நம் கருத்து. ஒரே நூலில் இவ்விரண்டுக்கும் இடமுண்டாயின், அந்த முரண்பாடு எங்கிருந்து தோன்றிற்று என்பதே நாம் விடை காண வேண்டிய வினாவாகும்.

1. வாழ்வும் தொழிலும்

கோபாலகிருஷ்ண பாரதியார் 1811 அளவில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரில் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தவர். முடிகொண்டானிலும் பின்னர் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். மணம் செய்துகொள்ளாதவர். தென்னக இசையில் மாத்திரமன்றி, திருவிடைமருதூரில் இராமதாசர் என்ற இசைவாணரிடம் இந்துஸ்தானி இசையிலும் பயிற்சி பெற்றவர். திருவையாற்றில் தியாகராஜரைச் சந்தித்ததும், அங்கு ஆபோகி இராகத்தைக் கேட்டுத் தாமும் அவ்விராகத்திற் கீர்த்தனை இயற்றியதும் இசையுலகம் நன்கறிந்த செய்திகள்.

அவரைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி உ. வே. சாமிநாதையர் வாயிலாகவே கிடைக்கின்றது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்கச் சென்ற இளைஞரான சாமிநாதையர், தந்தையாரின் விருப்பப்படி அங்கிருந்த பாரதியாரிடம் சிறிதுகாலம் இசையும் பயின்றார். இசையில் ஈடுபட்டால் இலக்கிய இலக்கணப் பயிற்சி தடைப்படும் என்று மகாவித்துவான் கருதியமையால் அப்பயிற்சி நின்றது. ஒரே ஊரில் வாழ்ந்த இரு பெரியோர். ஒரு மாணவனின் இரு ஆசிரியர். அவர்களுள் ஒருவரையே அவன் தெரிந்துகொள்ளும்படி நேர்ந்தது. தமிழ்ப்புலமை இசையிலிருந்து தன்னை விலக்கிக்கொண்ட வரலாற்றின் சிறு வடிவம் இந்நிகழ்ச்சி எனலாம்.

பாரதியாரின் வாழ்க்கைத் தொழில் கதாகாலட்சேபம் சார்ந்தது. தஞ்சை மராட்டியர் ஆட்சியில் வேரூன்றிய மராட்டியக் கீர்த்தன மரபும், தமிழில் முன்னரே நிலவிய புராண படன மரபும் இணைந்தமையால் காலட்சேபம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளம்பெற்றது. கதை சொல்வோன் பாடுவான், பேசுவான், பாத்திரங்களாக மாறுவான், வேடிக்கை செய்வான். அதற்கேற்ற பாட்டுத்தொடர் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் சீகாழி அருணாசலக் கவிராயர் இராமநாடகக் கீர்த்தனையால் அதற்கு முன்மாதிரி தந்திருந்தார். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது அரச குடும்பத்தின் கதை. கோபாலகிருஷ்ண பாரதியார் எடுத்துக்கொண்டவையோ நாயன்மார் கதைகள்: திருநீலகண்டர், இயற்பகையார், காரைக்காலம்மையார், அனைத்துக்கும் மேலாக நந்தனார். குயவர், வணிகர், வணிகர் மனைவி, பறையர் எனச் சாதாரண மாந்தர் இக்கதைகளின் தலைமக்களாயினர். கேட்போர் கூட்டம் விரிந்தமைக்கு ஏற்பக் கதைத் தலைவனும் அரண்மனையிலிருந்து தெருவுக்கு வந்தான்.

நந்தனார் சரித்திரம் நாகப்பட்டினம், காரைக்கால் ஆகிய துறைமுகப் பட்டினங்களின் சூழலிற் புகழ்பெற்றது. காரைக்காலில் உயர்பதவி வகித்த சிசே என்னும் பிரெஞ்சு அதிகாரி அதனைக் கேட்டு ஈடுபட்டு, அது அச்சேற உதவினார். 1860களின் தொடக்கத்தில் நூல் வெளிவந்தது. பின்னர்ப் பல பதிப்புகள் கண்டது. ஆதீனத்தையும் சமஸ்தானத்தையும் நம்பியிருந்த புலமை மரபுக்குப் புறம்பே, கேட்போரும் அச்சகமும் தாங்கும் ஒரு பாட்டுத் தொழில் உருவாகிக்கொண்டிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

2. சேக்கிழாரின் நந்தனும் பாரதியாரின் நந்தனும்

சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரை ஒரு பெயராக மாத்திரமே குறித்தார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் அதனை விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் 37 செய்யுள்களில் அதனை முழுக்கதையாக்கினார். அவர் காட்டும் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்பவன். கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் அளிப்பவன். திருப்புன்கூரிற் சென்று வெளியே நின்று வணங்க, நந்தி விலகுகின்றது. அங்கு அவன் குளம் வெட்டுகின்றான். தில்லைக்குச் செல்ல விரும்பியும் தன் பிறப்பை எண்ணித் தயங்கி, நாளைக்குப் போவேன் என்று நாட்கழிக்கின்றான். இறுதியில் தில்லை எல்லையை அடைந்து, கனவில் இறைவன் ஆணை பெற்று, தீயிற் புகுந்து முனிவர் வடிவுடன் எழுந்து, அம்பலத்தில் மறைகின்றான்.

இக்கதையில் நிலக்கிழார் எவரும் இல்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். சேக்கிழாரின் நந்தன் எவரிடமும் விடை கேட்பதில்லை. ஊருக்கும் கோயிலுக்கும் செய்யும் தொழிலுக்கு ஈடாக விடப்பட்ட பறைத்துடவையைக் கொண்டு வாழ்பவன் அவன். தாழ்ந்தவன், தீண்டத்தகாதவன், ஆயினும் ஓர் ஆண்டையின் வயலிற் கட்டுண்டவன் அல்லன். அவனைத் தடுப்பது பிறப்பைப் பற்றிய எண்ணம். தடை அவன் உள்ளத்திலேயே இருக்கின்றது.

ஏழு நூற்றாண்டுகளின் பின் பாரதியார் அக்கதையை எடுத்தபோது, அவர் காலத்துக் காவிரிச் சமவெளியில் நந்தனுக்கு ஒத்தவர் பண்ணையாட்களாக இருந்தனர். தொழில்மானிய நிலத்தைக் கொண்ட குடிமகன் என்ற உருவம் கேட்போருக்கு எதனையும் உணர்த்தியிராது. எனவே பாரதியார் புதியதொரு பாத்திரத்தைப் படைத்தார்: நந்தனின் ஆண்டையாகிய வேதியர். அவருடன் சேரிப் பெரியவர்கள், உடன் உழைக்கும் பண்ணையாட்கள், நாற்று, நடவு, அறுவடை, கூலி, தண்டனை பற்றிய அச்சம் ஆகிய யாவும் கதையினுட் புகுந்தன. தில்லை செல்ல விழையும் நந்தன் முதலில் வேதியரிடம் விடைபெற வேண்டும். வேதியர் சினக்கின்றார், ஏளனம் செய்கின்றார், இறுதியில் நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுச் செல் என்கின்றார். மனிதனால் இயலாத அப்பணியைச் சிவபெருமானின் பூதகணங்கள் ஓரிரவில் முடித்துவிடுகின்றன. அதுகண்ட வேதியர் நந்தனின் காலில் வீழ்கின்றார்.

இம்மாற்றத்தின் முழுப்பொருளும் ‘நாளை’ என்ற ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. சேக்கிழாரிடம் நாளை என்று சொல்பவன் நந்தனே. பாரதியாரிடம் அச்சொல்லைத் தீர்மானிப்பவர் வேதியர். பக்தனின் அகத்தயக்கம் உழைப்பாளியின் புறத்தடையாக மாறுகின்றது. வழிபாட்டுரிமை பற்றிய கதை, ஒருவனுடைய நேரம் எவருக்கு உரியது என்ற வினாவாக விரிகின்றது. பழைய கதையைப் பாரதியார் பிழைபடச் சொன்னார் என்போர், பழைய கதையின் கீழிருந்த நிலமே மாறிவிட்டதைக் கணக்கிற் கொள்வதில்லை.

அக்கால வரலாற்றுச் சூழலையும் இங்கு நோக்குதல் வேண்டும். 1843ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளில் அடிமைத்தனத்துக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. ஆனால் கடனும் சாதியும் நிலமின்மையும் பண்ணையாளைப் பழைய இடத்திலேயே பிணித்தன. அதே வேளையில் அவன் வெளியேறுவதற்கான வாயில்களும் திறந்திருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்கள் சென்றனர். காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடியேற்றங்களாகிய ரீயூனியன் முதலிய தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்தவண்ணம் இருந்தனர். பண்ணையை விட்டுப் போக விடைகேட்கும் ஒருவனின் பாட்டு, அவ்விதம் போனவர்களும் போக இயலாதவர்களும் வாழ்ந்த பகுதியிலேயே தோன்றிப் பரவியது. ஒன்று மற்றொன்றின் காரணம் என நாம் கூறவில்லை. ஆயினும் அப்பாட்டைக் கேட்டவர்களுக்குப் ‘போதல்’ என்ற சொல் தில்லையை மாத்திரம் சுட்டியிராது என்று கொள்வதில் தவறில்லை.

இவ்விடத்தில் நம் நாட்டிலிருந்து ஓர் ஒப்பீடு தரலாம். 1869இல் வெளிவந்த ஆபிரகாம் யோசேப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி மலையகத் தமிழிலக்கியத்தின் முதல் ஆக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. அதுவும் மக்களுக்குரிய பாட்டு வடிவத்தைக் கையாண்டது. அதுவும் உழைப்பைப் பொருளாகக் கொண்டது. எனினும் அது தோட்டத்துப் பயிர்ச்செய்கையை நிருவாகத்தின் கண்கொண்டு பாடியது. வடிவம் மக்களுடையதாயின் பொருளும் மக்கள் சார்பினதாகவே இருக்கும் என்ற எளிய சூத்திரம் பொருந்தாது என்பதற்கு அந்நூல் தக்க சான்று. நந்தனார் சரித்திரத்தையும் அதே எச்சரிக்கையுடன் நோக்குதல் வேண்டும்.

3. நாவலரின் வசனமும் பாரதியாரின் கீர்த்தனையும்

பாரதியாரின் நூல் அச்சேறுவதற்குப் பத்தாண்டுகள் அளவில் முன்னர், 1852இல், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெரியபுராண வசனத்தை வெளியிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருவேறு வழிகளில் மக்களிடம் கொண்டுசெல்லப்பட்டது. ஒன்று வடக்கே தில்லையை நோக்கிக் கடல் கடந்தது. மற்றொன்று தில்லையின் அயலிலிருந்து தெற்கே கடல் கடந்து வந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடையது.

நாவலரின் முயற்சி கிறித்தவ மிஷனரிமாரின் கல்விக்கும் கண்டனத்துக்கும் எதிராகச் சைவத்தை அரண்செய்வது. ஆகவே மூலத்துக்குப் புறம்பான எதனையும் சேர்க்காத வரையறுத்த உரைநடை அவருக்குத் தேவைப்பட்டது. படிப்பவன் தனித்திருந்து படிப்பான், பாடசாலையிற் படிப்பான், படித்தவற்றைக் கொண்டு வாதிடுவான். பாரதியாரின் முயற்சிக்கு வாதம் நோக்கமன்று. கூட்டமாக அமர்ந்து கேட்பவன் சிரிக்க வேண்டும், கண்ணீர் விட வேண்டும், வீடு செல்லும்போது ஒரு மெட்டையாவது உடன்கொண்டு செல்ல வேண்டும். ஆதலால் விருத்தமும் கீர்த்தனையும் நொண்டிச் சிந்தும் வசனமும் கலந்து, வேதியர் ஒரு மொழியிலும் சேரி மாந்தர் மற்றொரு மொழியிலும் பேச, கதை தன் எல்லைகளை விரித்துக்கொண்டது.

விளைவு கவனிக்கத்தக்கது. மூலத்தைப் பேணிய நாவலரின் நூலிற் சமகாலச் சமூகம் உட்புகவில்லை. நந்தன் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்டான். மூலத்தை மீறிய பாரதியாரின் நூலில், அவர் அதனைத் திட்டமிட்டாரோ இல்லையோ, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சைப் பண்ணை முழுமையாக உட்புகுந்தது. நாவலரின் வரலாற்றுப் பணியை இதனால் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழ் உரைநடைக்கு அவர் தந்த கட்டுக்கோப்பு நாம் எழுதும் இவ்வரிகளிலும் உண்டு. ஆனால் சமூக நோக்கில் சாதி ஆசாரத்தைப் பேணியவர் அவர். நந்தன் கதை சைவத்தின் பெருமைக்குச் சான்றாகலாம், ஊரின் ஒழுங்குக்கு வினாவாகலாகாது என்ற எல்லை அவர் வசனத்துக்கு வாய்த்தது. பாரதியாரின் பாட்டு அவ்வெல்லையை ஓரளவு கடந்தது.

4. இலக்கணக் குற்றமும் இலக்கிய வழக்கும்

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்ற வரலாறு பலரும் அறிந்தது. இலக்கணப் பிழைகள் மலிந்தமையாலும் பெரியபுராணத்துக்கு மாறான செய்திகள் சேர்க்கப்பட்டமையாலும் மகாவித்துவான் இசையாமல் நாட்கடத்தினார். சலியாது வந்துகொண்டிருந்த பாரதியார் ஒருநாள் திண்ணையில் அமர்ந்து தம் பாட்டை உருக்கமாகப் பாட, உள்ளிருந்து கேட்ட பிள்ளை மனம் கரைந்து பாயிரம் அளித்தார். சாமிநாதையர் தந்த இச்செய்தியைப் பக்தியின் வெற்றி என்று கூறி முடித்துவிடுவது வழக்கம். நாம் அதனை இலக்கிய அதிகாரம் பற்றிய ஒரு வழக்காகக் கொள்ள விரும்புகின்றோம்.

மகாவித்துவான் எழுப்பிய இரு தடைகளும் உண்மையில் ஒன்றே. சொல் மரபை மீறியது, கதை மரபை மீறியது என்பன இரண்டும் பண்ணையாளின் வாழ்வும் பேச்சும் நூலுக்குள் வந்தமையின் இரு பக்கங்கள். சேரிக் கிழவனை யாப்பருங்கலக்காரிகை வழுவாமற் பேசவைத்தால் அவன் சேரிக் கிழவன் ஆகான். அவன் வாய்மொழிக்கு இடமளித்த நூல், புலவர் அவையின் அளவுகோலில் வழுவுடையதாகவே தோன்றும். பிறப்பில் உயர்ந்தவராயினும் பாரதியார் புலமைப் படிநிலையில் வாயிற்புறத்திலேயே நிறுத்தப்பட்டார். தில்லை வாயிலில் நிற்கும் நந்தனைப் பாடியவர், பாயிரத்துக்காகத் திண்ணையிற் காத்திருந்தார் என்பதை வெறும் தற்செயல் எனத் தள்ளிவிடலாம். ஆயினும் எவை உள்ளே வரலாம், எவை வெளியே நிற்க வேண்டும் என்று வகுக்கும் மனப்பாங்கு கோயிலுக்கு மாத்திரம் உரியதன்று என்பதை அது நினைவூட்டுகின்றது.

மகாவித்துவான் இறுதியில் இசைந்தது பாட்டைக் கேட்டே அன்றி நூலைப் படித்தன்று. கேள்விக்குரிய இலக்கியத்தைக் கண்ணால் மதிப்பிட்ட தவறு அங்கு திருத்தப்பட்டது. இன்றும் நாட்டார் பாடல்களையும் கூத்துப் பாடல்களையும் ஏட்டில் எழுதி, சீர் எண்ணி, குறை கூறும் ஆய்வுகள் வெளிவருகின்றன. அவற்றுக்கு அந்தத் திண்ணை நல்லதொரு பாடம்.

5. முரண்பாட்டின் இயல்பு

இதுகாறும் கூறியவை பாரதியாரின் சாதனைகள். இனி அவர் தம் எல்லையை நோக்குவோம். நாற்பது வேலி விளைவிக்கும் அற்புதத்தை எடுத்துக்கொள்வோம். கதையின் உச்சம் அதுவே; கேட்போர் மெய்சிலிர்ப்பதும் அங்கேயே. ஆனால் பொருளியல் நோக்கில் அங்கு நிகழ்ந்தது யாது? நந்தன் பண்ணையிலிருந்து விடுபடுவதற்கு வேதியர் விதித்த விலை முழுமையாகக் கொடுக்கப்படுகின்றது. இறைவன் ஆண்டையின் உரிமையை மறுக்கவில்லை. அதனை ஏற்று, அடியவன் சார்பில் அதனை நிறைவேற்றுகின்றான். விளைந்த நெல் வேதியரின் களத்திலேயே குவிகின்றது. அவர் இழந்தது எதுவுமில்லை. ஞானமும் நெல்லும் ஒருசேரப் பெற்றார்.

மேலும், நந்தன் செல்கின்றான், சேரி செல்லவில்லை. அவனோடு நாற்று நட்டவர்கள் அடுத்த பருவத்துக்கும் அவ்வயலிலேயே நிற்பர். விடுதலை ஒருவனுக்குரியது, அடிமைநிலை பலருக்குரியது. சேரிப் பெரியவர்கள் தம் சிறுதெய்வங்களை வணங்கச் சொல்லும் இடங்களில் அவர்தம் வழிபாடு அறியாமையாகவே காட்டப்படுகின்றது. மேல்நிலையாக்கத்தின் வழியன்றி மேன்மைக்கு வேறு வழியில்லை என்ற கருத்து நூலினூடே ஓடுகின்றது. இறுதியில் தீ. சேக்கிழாரிடமும் அது உண்டு. நந்தன் அம்பலத்துள் நுழைவது அவன் உடல் தீயில் நீங்கிய பின்னரே. பண்ணையில் உழைத்த அவ்வுடல் கடைசிவரை உட்செல்லவில்லை.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் பாரதியாரின் தனிமனித நேர்மையின்மை அன்று. அவர் நிலவுடைமைச் செல்வரின் ஆதரவில் வாழ்ந்தவர். அவர்தம் வீட்டுத் திண்ணைகளிலும் களங்களிலும் ஆண்டையும் ஆளும் பேசிக்கொண்டதைக் கேட்டவர். அவர் கலைஞனின் செவி அவ்வுரையாடலை உள்ளவாறே வாங்கியது. அவர் தத்துவம் அதற்கு இசைவான ஒரு முடிவைத் தேடியது. காலட்சேபத்தைக் கேட்டோருள் நிலக்கிழார் முன்வரிசையிலும் உழைப்போர் எட்ட நின்றும் கேட்டிருப்பர். முன்வரிசைக்கு வேதியரின் மனமாற்றம். எட்ட நின்றவருக்கு நந்தனின் வெற்றி. இருவரையும் ஒரே பந்தலின்கீழ் வைத்திருக்க அற்புதம் ஒன்றாலேயே முடியும். தீர்வு பொய்யாயினும் சிக்கல் மெய்யானது. சிக்கலை மெய்யாகச் சொன்னவன் கலைஞன். அவன் தீர்வை நாம் ஏற்க வேண்டியதில்லை.

6. கதையின் பிற்கால ஓட்டம்

இம்முரண்பாடே நந்தன் கதை ஓயாமல் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டமைக்குக் காரணமாயிற்று. சுப்பிரமணிய பாரதியார் நந்தனார் சரித்திர மெட்டுக்களைத் தம் அரசியற் பாட்டுக்களுக்கு எடுத்தாண்டார். ஆண்டைக்கும் ஆளுக்குமிடையே நிகழ்ந்த உரையாடலின் இசை, ஆங்கில ஆட்சியாளனுக்கும் இந்தியத் தேசபக்தனுக்கும் இடையே நிகழும் உரையாடலுக்குப் பொருந்தியது. பழைய மெட்டினுள் இருந்த எதிர்ப்புக் கூறு அங்கு வெளிப்படையாயிற்று. அயோத்திதாசர் நந்தனை அடியவன் என்றே ஏற்கவில்லை. வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட பௌத்த மன்னன் என்று வேறொரு வரலாற்றை முன்வைத்தார். காந்தியடிகள் நந்தனைச் சத்தியாக்கிரகிக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென நந்தனார் பெயரிற் பள்ளி தொடங்கினார். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாகத் தோன்றினர்.

1968 டிசம்பர் 25 அன்று, கோபாலகிருஷ்ண பாரதியார் பிறந்த அதே கீழைத் தஞ்சைப் பகுதியில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கோரிய உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையொன்றில் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின் நந்தன் கதையில் வரும் தீயைப் புனித வேள்வி என்று வாசிப்பது எளிதாக இருக்கவில்லை. இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய ‘நந்தன் கதை’ நாடகத்தில் நந்தனின் தீ மேற்சாதியினரின் சூழ்ச்சியாக வருகின்றது. அற்புதத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது கொலையே என்பதை அந்நாடகம் காட்டிற்று.

ஈழத்திலும் இக்கதைக்குத் தனி வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து இசை நாடக மேடையில் நந்தனார் நெடுங்காலம் நடிக்கப்பட்டது, காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து முதலிய பெருங்கலைஞர் அம்மரபுக்கு உயிரூட்டினர். ஆனால் மேடையில் நந்தனுக்காக உருகியவர்கள் கோயில் வாயிலில் என்ன செய்தனர்? 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினோராண்டு கழிந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுட் செல்ல ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. வெண்மணியும் மாவிட்டபுரமும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. ஒன்று நந்தனின் பண்ணை. மற்றொன்று நந்தனின் கோயில். பாரதியார் தம் கதையில் இணைத்த இரு தளங்களும் வரலாற்றிலும் இணைந்தே நின்றன. ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஒட்டி எழுந்த என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ காத்தான் கூத்து மெட்டில் மேடையேறியபோது, வாயிலில் நின்றவர்கள் இசைவு கேட்கவில்லை, உரிமை கேட்டனர். கெஞ்சும் கீர்த்தனைக்கும் அக்கூத்துக்கும் இடைப்பட்ட தொலைவே ஒரு நூற்றாண்டின் சமூக வளர்ச்சி.

கொழும்பில் இக்கதை அடைந்த நிலையும் சிந்தனைக்குரியது. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி ஆகிய துறைமுக அயற்பகுதிகள் தமிழ் நாடகத்துக்கு நெடுங்காலம் தளமாயிருந்தவை. உழைப்பாளரும் சிறு வணிகரும் நெருங்கி வாழும் அச்சூழலில், பொன்னம்பலவாணேசுவரத்தின் நிழலில், கூத்தப்பிரான் கதைகளுக்குக் குறைவில்லை. மறுபுறம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மேடைகளில் நிகழும் இசைக் கச்சேரிகளிலும் நடன அரங்கேற்றங்களிலும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகள் இன்றும் இடம்பெறுகின்றன. மாஞ்சி இராகத்தில் அமைந்த, உள்ளே வரலாமா என்று வினவும் அந்தப் பாட்டு அவையை உருக்குகின்றது. ஆனால் அது கதையிலிருந்து கழற்றியெடுக்கப்பட்ட பாட்டு. வினவுபவன் எவன், அவனைத் தடுத்தது எது, அவன் எந்த வயலிலிருந்து வந்தான் என்பன அந்த எட்டு நிமிடங்களில் இடம்பெறுவதில்லை. கதையோடு பாட்டைக் கேட்டவர்களுக்கு அது வழக்கு. பாட்டை மாத்திரம் கேட்பவர்களுக்கு அது பக்தி. மத்தியதர வர்க்கத்தின் கலைச்சுவை, தனக்கு நெருடலானவற்றைக் கத்தரித்து இனியவற்றைப் பேணுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

7. முடிவுரை

கோபாலகிருஷ்ண பாரதியார் சமூகப் புரட்சியாளர் அல்லர். தம்மை அவ்வாறு கருதியவரும் அல்லர். அவர் பாட்டியற்றித் தம் காலத்தாருக்குக் கதை சொன்னவர். ஆயினும் சேக்கிழார் காட்டாத ஆண்டையைக் காட்டினார். நாவலர் சேர்க்காத வயலைச் சேர்த்தார். மகாவித்துவான் ஏற்கத் தயங்கிய பேச்சைப் பாட்டாக்கினார். வேதியரைக் காலில் விழச்செய்ததைவிட, அவரை ஆண்டையாக நிறுத்தியதே அவர் செய்த பெரும்பணி. ஏனெனில் காலில் விழும் வேதியர் கற்பனை. விடை மறுக்கும் ஆண்டை வரலாறு.

முற்போக்கு இலக்கிய விமரிசனம் இத்தகைய ஆசிரியர்களை ஒன்றில் முழுமையாகத் தழுவவோ, ஒன்றில் முழுமையாக விலக்கவோ முற்படுதல் எளிது. மக்களிடையே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கும் ஒரு பாட்டுத்தொடரை விலக்குவது அம்மக்களின் நினைவையே விலக்குவதாகும். ஆராயாது தழுவுவதோ அற்புதத்தைத் தீர்வாக ஏற்பதாகும். செய்யத்தக்கது, பாட்டை மீண்டும் அதன் கதையோடும், கதையை அதன் நிலத்தோடும் சேர்த்து வாசிப்பது. நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நுண்கலைத் துறைகளும் ஒருங்கிணைந்து, கீர்த்தனை, சிந்து, கும்மி, இசை நாடகப் பாடல் ஆகியவற்றைச் சொல்லும் இசையும் சமூகமும் சேர்ந்த முழுமையாக ஆராய்தல் வேண்டும். மலையகத்துக் கும்மியும் யாழ்ப்பாணத்து இசை நாடகமும் காவிரிக்கரைக் கீர்த்தனையும் அவ்வாராய்ச்சியில் ஒரே வரிசையில் இடம்பெறுதல் வேண்டும். அப்பணி தொடங்கும் வரை, நந்தன் எழுப்பிய வினாவுக்கு நம் ஆய்வுலகமும் நாளை என்றே விடையளித்து வருவதாகக் கொள்ள நேரும்.